கதவு திறந்த விமானமும் வேலூர் வார்டும்

இந்த ஊரில் ஒருவர் "நன்றாக இருக்கிறேன்" என்றால், அவர் நன்றாக இருக்கிறார் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். கலிபோர்னியா வந்து வருடங்களாகியும் எனக்கு இது பழகவில்லை. எங்கள் ஆரணியில் யாராவது அப்படி அழுத்திச் சொன்னால் ஏதோ கெட்டது நடந்திருக்கிறது என்று அர்த்தம். களம்பூர் சாலையில் மாமா லாரியில் அடிபட்டபோது, "கால்ல லேசா சிராய்ப்பு, வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லித்தான் அம்மாவை பஸ் ஏற்றினார்கள். வாசலில் கூடியிருந்த கூட்டத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. பயணம் கிளம்புகிறவரிடம் கெட்ட செய்தி சொல்லக்கூடாது என்பது எங்கள் ஜனங்களின் எழுதாத சட்டம்.

இது நடந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். நான் வேலை பார்த்தது ஒரு விமானத்தில். பறக்கும்போதே அதன் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, தொலைநோக்கியால் வானத்தைப் பார்ப்போம். நாங்கள் தேடும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைக் காற்றின் ஈரம் விழுங்கிவிடும். அந்த ஈரத்தைத் தாண்டி மேலே போனால்தான் அது கிடைக்கும். பட்டு நெய்யும் என் அப்பாவுக்கு இது பிடிபடவேயில்லை. "கதவத் தொறந்து வச்சிகினா பறக்குறீங்க? யாரும்மா இந்த யோசன சொன்னது?" என்று போனில் கேட்பார்.

அவருக்கு நெஞ்சுவலி வந்து வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அன்று மாலை விமானம் ஏறுமுன் வார்டுக்குப் போன் செய்தேன். அங்கே காலை நேரம். தம்பிதான் எடுத்தான்.

"ஒண்ணுமில்லக்கா. நல்லா பேசிகினு இருக்காரு. நீ நிம்மதியா வேலயப் பாரு."

"போன அவர்கிட்ட குடு."

"தூங்கிகினு இருக்காருக்கா."

பேசிக்கொண்டிருப்பவர் எப்படித் தூங்குவார்? எப்போதும் ஏதாவது குறை சொல்லிச் சண்டை பிடிக்கும் தம்பி அன்று தேனாய்ப் பேசினான்.

"என்ன செய்தி?" என்றான் உடன் வேலை செய்யும் ஜிம்.

"ஒன்றுமில்லை என்கிறான்."

"ரொம்ப நல்லது! கிளம்பலாம்."

அவனுக்கு எதை விளக்குவது? அந்த ஒளியைப் பதிவுசெய்யும் டிடெக்டரை இயக்க என்னை விட்டால் ஆளில்லை. நான் ஏறாவிட்டால் அன்றைய பயணமே ரத்து. ஏறாமல் நின்றாலும் வேலூர் போய்ச்சேர இரண்டு நாளாகும். பாழாய்ப்போன மனதைத் திட்டிக்கொண்டே ஏறினேன்.

மேலே கதவு திறந்தது. தூசி மேகத்துக்குள் பிறந்துகொண்டிருந்த ஒரு நட்சத்திரத்தின் வெப்பம் திரையில் எண்களாக ஓடியது. அவ்வளவு தொலைவில், அவ்வளவு தூசிக்குள் இருப்பது தெரிகிறது. தம்பி சொன்ன ஒரு வரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை. ஒவ்வொரு எண்ணையும் சரிபார்த்தேன். ஒன்றுகூட மனதில் நிற்கவில்லை.

விடிந்து தரையிறங்கியதும் போனுக்கு ஓடினேன்.

"யக்கா, என்னால முடியலக்கா! காலைல நீ பேசறப்ப மூச்சு பேச்சில்லாம கெடந்தாரு, அத எப்டி சொல்றது? இப்ப இன்னான்னா, இட்லி கல்லாட்டம் கீதுன்னு நர்ஸம்மாகிட்ட கத்திகினு இருக்காரு. ஒரே பேஜாரு. நீ பாட்டுக்கு அங்க போய் ஒக்காந்துகின, எல்லாம் என் தலயில!"

தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். ஜிம் ஓடிவந்து, மிகவும் வருந்துவதாகச் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டான். நான் அழுவது சந்தோஷத்தில் என்று அவனுக்குத் தெரியவில்லை. விமானம் இறங்கியதில் அடைத்துப்போன இடது காதில் எஞ்சின் இன்னும் இரைந்துகொண்டிருந்தது. வலது காதில் தம்பி திட்டிக்கொண்டே இருந்தான். போனைக் காது மாற்றினால் அந்தத் திட்டு கேட்காமல் போய்விடுமோ என்று பயந்து, அப்படியே உட்கார்ந்திருந்தேன்.