ஒரே பூட்டின் சாவிகள்

சேலத்துக்கு மேலே மலையிலிருக்கும் நாகலூர் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தே தலை நரைத்தவள் தெரசம்மாள். கணவர் இறந்து பல வருடமாகிறது. வேலையிலிருந்து நின்றபோது கைக்கு வந்த பி.எஃப். பணத்தை எங்கே போடுவதென்று ஒரு மழைக்காலம் முழுக்க யோசித்தாள். திருப்பூரிலிருந்த மகள் ஜோஸ்லின், "பேங்க்குலயே கெடக்கட்டும்மா" என்றாள். தெரசம்மாளுக்கு மனம் ஒப்பவில்லை. பேங்க்கில் போட்ட பணத்தை யார் கண்ணால் பார்த்தது? வட்டியும் தேய்ந்துகொண்டே வருகிறது.

காப்பித் தோட்டத்தை ஒட்டிச் சேலத்துக்காரர் ஒருவர் டூரிஸ்டுகளுக்காக ஒற்றை அறை வீடுகளாகக் கட்டிக்கொண்டிருந்தார். பாதி விலை கொடுத்தால் வீடு நம்முடையது. மீதியை டூரிஸ்டுகள் தரும் வாடகையில் கழித்துக்கொண்டு மாதாமாதம் ஒரு தொகையும் தருவாராம். தெரசம்மாள் நேரில் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தாள். கெட்டியாக இருந்தது. பணத்தைக் கொடுத்து, கடைசி வீட்டின் சாவியை வாங்கிக்கொண்டாள்.

சில மாதம் தொகை வந்தது. பிறகு கொரோனா வந்தது. மலையேற யாருக்கும் அனுமதியில்லை, பஸ் இல்லை, வாடகையும் இல்லை. சேலத்துக்காரரின் போன் அணைந்தே கிடந்தது. அதுவரை குடியிருந்த எஸ்டேட் கூலி லைன் வீட்டையும் காலி செய்யச் சொன்னபோது, பாயையும் அடுப்பையும் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்கே குடிபோனாள். அக்கம்பக்கத்து வீடுகளெல்லாம் பூட்டிக் கிடந்தன.

ஐப்பசியில் கட்டுப்பாடு தளர்ந்தது. பனிமூட்டமும் இறங்கியது. ஒரு மத்தியானம் களி கிளறிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே வெறும் வெள்ளை. அப்போது கதவில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. தட்டவில்லை, கூப்பிடவில்லை. தன் வீட்டுக்குள் நுழைபவரைப்போல நிதானமாக யாரோ திருப்பினார்கள். உள்தாழ்ப்பாள் போட்டிருந்ததால் கதவு அசைந்து நின்றது.

"யாருங்க?"

வெளியே சாவியை உருவும் சத்தம். பிறகு ஒரு பெண்குரல், "உள்ள இருக்கறது யாருங்க? இது எங்க ஊடுங்க."

திறந்தாள். பனியில் நனைந்து நின்றவள் பெயர் சசிரேகா. குப்பனூர்க்காரி. கணவர் விபத்தில் இறந்ததற்கு வந்த பணத்தை இதே வீட்டுக்குப் போட்டிருக்கிறாள். தெரசம்மாள் தன் சாவியை எடுத்து அவளுடையதன் மேல் வைத்துப் பார்த்தாள். பல்லுக்குப் பல் பொருந்தியது.

"எம்பட சாவியும் இதுதானுங்க" என்றாள்.

சசிரேகா சுவரோரமாக உட்கார்ந்தாள். "வாங்கறப்ப செவுத்தத் தட்டிக்கூடப் பாத்தனுங்க."

இருவரும் அழவில்லை. களியைப் பகிர்ந்து தின்றார்கள்.

அதன்பின் அதே சாவியோடு ஒருவர் மாற்றி ஒருவர் வந்தார்கள். சிலர் அவசரமாகத் திருப்பினார்கள், சிலர் பயந்து பயந்து. சிலர் உள்ளே ஆள்குரல் கேட்டதும் இறங்கிப்போனார்கள். சாவி நுழையும் சத்தம் கேட்டாலே தெரசம்மாள் கைவேலையை விட்டுவிட்டுத் தாழ்ப்பாளைப் பார்த்தாள். ஒருநாள் சாவி முழுசாகத் திரும்பி நின்றது. அவள் சட்டென்று கதவைத் திறந்தாள். யாருமில்லை. ஈரமண்ணில் காலையில் தண்ணீர் கொண்டுவந்த அவளுடைய காலடி மட்டும்தான் இருந்தது.

அன்று ஜோஸ்லினுக்குப் போன் செய்தாள். "கண்ணு, இந்த ஊட்டுல எத்தன பேரு குடியிருக்கறாங்கன்னே தெரியல. நான் உக்காந்த எடத்துல இன்னொருத்தர் உக்காந்திருக்கற மாதிரியே இருக்குது."

"மொதல்ல அங்கிருந்து கெளம்பும்மா."

தெரசம்மாளும் சசிரேகாவும் சேலத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தார்கள். தை பிறக்குமுன் போலீஸார் வீட்டுக்குச் சீல் வைத்தார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. பணம் வரவில்லை.

இப்போது தெரசம்மாள் அதே மலையில் கிளியூரில் வாடகைக்கு இருக்கிறாள். தினக்கூலிக்குக் களையெடுக்கப் போகிறாள். மிஞ்சியதைப் போஸ்ட் ஆபீஸில் போடுகிறாள். வட்டி எவ்வளவு என்று கேட்பதில்லை. வீட்டிலிருக்கும் பகல்களில் கதவைச் சாத்துவதுமில்லை. பனி உள்ளே வந்து பாயெல்லாம் நமத்துப்போகிறதே என்று பக்கத்து வீட்டு ராணி ஒருமுறை கேட்டாள்.

"சாத்துனா, யாரு தொறப்பாங்களோன்னு காது அங்கயே நிக்குதுங்க" என்றாள் தெரசம்மாள்.