உள்ளங்கையில் வந்த பச்சை

ஐம்பதுகளில் கொழிஞ்சாம்பாறையில் நான் ஒன்றாம் வகுப்புப் படித்தபோது, சில வாரங்கள் மட்டும் வந்த டீச்சர் அவர். ஒல்லியானவர், விரல்களில் எப்போதும் சாயக்கறை இருக்கும். எங்களோடு தரையில்தான் உட்காருவார்.

ஒருநாள் என் உள்ளங்கையில் மஞ்சளைக் குழைத்துப் பூசினார். என்னோடு சண்டை போட்டுப் பேசாமலிருந்த வள்ளியின் கையில் துணிக்குப் போடும் நீலத்தைப் பூசினார்.

"இப்பக் கை குடுத்துத் தேய்ங்க."

தயங்கித்தான் கொடுத்தோம். விரித்தால் இருவர் கையிலும் நாற்றங்கால் பச்சை. வகுப்பே எழுந்து ஓடிவந்தது.

"ஏனுங்க டீச்சர், இந்தப் பச்சை யாருதுங்க? என்னுதுங்களா, அவளுதுங்களா?" என்றாள் வள்ளி.

"அட, அது எனக்கும் தெரியலையே கண்ணு. ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க."

கைகூடக் கழுவாமல், வீடு வரும்வரை அதையே பேசிக்கொண்டு ஓடினோம். எங்கள் சண்டை டீச்சருக்குத் தெரிந்திருந்ததா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.