கையில் பட்ட பந்து

பிரதேச சபைத் தேர்தலில் நான் நின்றதற்கு என் வலது கால்தான் காரணம். மாவட்ட அணிக்கு உதைபந்தாடியவன் என்றால் மன்னார்க் கரையில் வேறு அறிமுகம் தேவையில்லை. கட்சிக்காரர்களும் என் கொள்கையை எல்லாம் விசாரிக்கவில்லை. "உங்களை எல்லாருக்கும் தெரியும்தானே" என்று சொல்லி மாலையைப் போட்டுவிட்டார்கள். எல்லாருக்கும் தெரிந்திருந்ததுதான் தொல்லை.

எங்கள் வட்டாரத்தில் இரண்டு ஊர்கள். இருபது வருடங்களுக்கு முன், பெருநாள் கிண்ணத்தின் இறுதி ஆட்டத்தில், நான் போட்ட ஒரே கோலால் பக்கத்து ஊரை வென்றோம். அந்தப் பந்து என் கையில் பட்டுத்தான் உள்ளே போனது. நடுவர் காணவில்லை. அவர்களுடைய கோல்காப்பாளர் மட்டும் கண்டார், கத்தினார். தோற்றவன் சொல்லும் சாட்டு என்று அவருடைய ஊரே சிரித்தது. அன்றிலிருந்து அவருக்கு 'ஓட்டைக்கை' என்று பட்டம்.

நான் அடுத்த சனிக்கிழமையே மாதா கோயிலில் சுவாமியிடம் குற்றத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். சுவாமி மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார், நான் ஆறு சொன்னேன். அதோடு விஷயம் முடிந்தது என்று கிண்ணத்தோடு நின்று படமும் எடுத்துக்கொண்டேன். அப்போது எனக்கு அவ்வளவுதான் புத்தி.

வாக்குக் கேட்டு அவருடைய வீட்டுக்குப் போனபோது, கோல்காப்பாளர் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தும் பார்க்கவில்லை. மனைவிதான் கதிரை தந்தார்.

"தேத்தண்ணியைக் குடியுங்கோ. வோட்டுக் கதையை விடுங்கோ. அந்தப் பந்து கையிலை பட்டதோ, இல்லையோ? அதை மட்டும் சொல்லுங்கோ."

"பட்டது அக்கா."

"எனக்குச் சொல்லி என்ன? நான் அண்டைக்கே இவரை நம்பினனான். ஊருக்குச் சொல்லுங்கோ."

என்னோடு வந்தவர்கள் பதறிப்போனார்கள். சொன்னால் எங்கள் ஊர் வோட்டு ஒன்றும் மிஞ்சாது என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. அவர்கள்மீது அல்ல, ஆறு மந்திரத்தோடு இருபது வருடம் நல்ல பிள்ளையாகத் திரிந்த என்மீது. அன்று பின்னேரம் சந்தியில் இரண்டு ஊர்ச் சனமும் கூடியிருந்த கூட்டத்தில், வீதி, தண்ணீர் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பந்தைப் பற்றி மட்டும் பேசினேன். பக்கத்து ஊர் விசிலடித்தது. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் முன்னால் வந்து, "விசரா, கிண்ணத்தை ஆர் திருப்பிக் குடுக்கிறது?" என்று கத்தினார்.

எப்படியோ மயிரிழையில் வென்றுவிட்டேன். சத்தியப்பிரமாணம் முடிந்து வீட்டுக்கு வந்தால், முற்றத்தில் கோல்காப்பாளர் நிற்கிறார். இருபது வருடமாக எங்கள் ஊருக்குள் கால் வைக்காத மனிதர்.

"நான் உமக்குப் போடேல்லை," என்றார் எடுத்த எடுப்பிலேயே. "மற்ற ஆளுக்குத்தான் போட்டனான்."

"சரி அண்ணை."

"மகள் போட்டவள். 'எங்கடை அப்பா பொய் சொல்லேல்லை' எண்டு வீடு வீடாய்ச் சொல்லிக்கொண்டு திரியிறாள். இவ்வளவு காலமும் அவளும் என்னை நம்பினதில்லை."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எனக்குத்தான் அழுகை வந்தது.