வீட்டில் யார் தூங்குகிறார்கள்

செக் நாட்டில் சட்டம் படிக்கப் போன புதிதில், உடன் படித்த உள்ளூர்ப் பெண்ணொருத்தி ஓர் இரவு என் வாடகை அறையில் தங்க வந்தாள். அவளுடைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு நகராட்சி அலுவலகத்தில் போய் நின்றேன். பர்மாவில், எங்கள் யாங்கோனில், வீட்டில் விருந்தாளி தங்கினால் வார்டு ஆபீசில் சொல்லியாக வேண்டும். அப்படியே வளர்ந்தவள் நான். அங்கிருந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உங்கள் வீட்டில் யார் தூங்கினால் எங்களுக்கென்ன?" என்றார். வெட்கமாகப் போய்விட்டது. வெளியே வந்தபோது அந்த ஊர்க்காரர்கள்மேல் எரிச்சலாகவும் இருந்தது.

அங்கே வாய்மொழித் தேர்வில் கேள்வியைச் சீட்டெடுத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கடைசித் தேர்வில், ஒருவர் வீட்டுக்குள் அரசு எப்போது நுழையலாம் என்ற கேள்வி எனக்கு வந்தது. பேராசிரியர்கள் தலையாட்டத் தலையாட்டப் பேசினேன். உயர்ந்த மதிப்பெண் கொடுத்தார்கள்.

இப்போது யாங்கோனுக்கே திரும்பி, பசுந்தாங் பேட்டையில் அம்மாவோடு இருக்கிறேன். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு இங்கே வழக்காட முடியாது. தேர்வுக்குப் போட்ட கறுப்புக் கோட்டு பூஞ்சை பிடித்துக் கிடக்கிறது.

போன வாரம் த்வாண்டே ஊரிலிருந்து தங்கை தங்க வந்தாள். தோளிலிருந்து பையைக்கூட இறக்கவில்லை.

"இருட்டுறதுக்குள்ள ஆபீஸ்ல சொல்லிட்டு வந்துரு. ராத்திரி சோதனைக்கு வந்து கதவைத் தட்டுனா என்னால தாங்க முடியாது," என்றாள் அம்மா.

போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் நிமிராமலே, "யாரு? எத்தனை ராத்திரி?" என்று பர்மியத்தில் கேட்டார். தேர்வில் நான் சொன்ன பதில் முழுவதும் அப்போது நினைவுக்கு வந்தது.

"தங்கச்சிங்க," என்றேன். "நீங்க எத்தனை ராத்திரி விடுறீங்களோ, அத்தனை."