வெர்னனுக்குக் கேட்காத பாட்டு

வெர்னன் ஹாக்கெட்டைக் களைப்பில்லாமல் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று யோசித்தால், எங்கள் இருவருக்கும் முடி தோளுக்குக் கீழே தொங்கிய காலத்துக்குத்தான் போக வேண்டும். ‘டின்ஹவுஸ்’ என்ற எங்கள் ராக் குழுவில் அவன் முன்னால் நின்று தொண்டை கிழியப் பாடுவான். நான் பின்னால், அடிச்சுரம் போடும் பேஸ் கிட்டாருடன் நிற்பேன். என்னை யாரும் பார்க்க மாட்டார்கள், அது எனக்கு வசதியாகத்தான் இருந்தது. எங்கள் பாட்டில் ஒன்றே ஒன்று இங்கிலாந்து முழுக்க ஓடியது. அதை எழுதியவன் கீபோர்டு வாசித்தவன், அதனால் பெயரும் அவனோடு போயிற்று. வெர்னன் எங்கள் சொந்த ஊரான வில்லன்ஹாலுக்குத் திரும்பி வந்து பள்ளிக்கூட பஸ் ஓட்டினான். சனிக்கிழமைகளில் ஏதாவது கிளப்பில் அதே பாட்டை அதே உச்சியில் பாடிவிட்டு, ஞாயிறு முழுக்கப் பேச்சு வராமல் கிடப்பான்.

பஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் இனி கத்த முடியாது என்று ஒருநாள் சொன்னான். சொன்ன விதத்தில் வருத்தம்கூட இல்லை, அலுப்புதான் இருந்தது. “குரல் கீழ இறங்கிடுச்சு நார்ம். நானும் அதோட இறங்கி வந்துடறேன். ப்ளூஸ் பாடப் போறேன். என் பேர்ல ஒரே ஒரு ஆல்பம். அப்புறம் கிட்டாரை மாட்டி வெச்சுடுவேன்.”

எனக்கு ஆச்சரியமாக இல்லை. பையன்களாக இருந்தபோது நாங்கள் எல்லோரும் தொடங்கியதே அமெரிக்காவிலிருந்து வந்த கறுப்பினப் பாடகர்களின் ப்ளூஸ் இசைத்தட்டுகளைத் தேயத் தேயக் கேட்டுத்தான். பிறகு சத்தம் பிடித்துப்போய் ராக் பக்கம் ஓடிவிட்டோம். அவர்கள் துக்கத்தைப் பாட அப்போது எங்களிடம் சொந்தத் துக்கம் ஒன்றும் இல்லை. இப்போது வீட்டுக்கு வீடு இருக்கிறது.

கார் கொட்டகைக்கு மேலே இருந்த சின்ன அறையில் அவனே எல்லாவற்றையும் பதிவு செய்தான். என் பங்கை முதல் வாரமே வாசித்துக் கொடுத்துவிட்டேன். அப்புறம் குளிர்காலம் முழுக்கத் தனியாக உட்கார்ந்து பாடினான், மவுத் ஆர்கன் வாசித்தான், எல்லாவற்றையும் கலந்து சேர்க்கும் மிக்ஸிங்கையும் தானே செய்தான். டெர்பியில் ஒரு சின்ன கம்பெனிக்காரன் ஈஸ்டருக்குள் கொடுத்தால் வெளியிடுவதாகச் சொல்லியிருந்தான். “இது ஒண்ணாவது முழுசா என் கையால ஆகணும்” என்று பிடிவாதம் பிடித்தான். அது நியாயம்தான். அவன் பெயருக்கு என்று வேறு ஒன்றும் இல்லை.

மார்ச் மாதம் என்னைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினான். முதல் பாட்டு தொடங்கியதும் அவனுடைய நாய் டஃபி எழுந்து, படியில் உருண்டு விழாத குறையாக இறங்கி, கொட்டும் மழையில் தோட்டத்துக்கு ஓடிவிட்டது. எனக்கும் பின்னால் ஓடத் தோன்றியது. ஒவ்வொரு ‘ஸ்’ஸும் சட்டியில் தண்ணீர் தெளித்தது மாதிரி சீறியது. மவுத் ஆர்கன் பல்லைக் கூசச் செய்தது. நடுநடுவே கீச் என்று ஏதோ ஒன்று வேறு வந்தது. புது உத்தி போலிருக்கிறது, நமக்குத்தான் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

“எப்படிடா?” என்றான்.

“பேஸ் கொஞ்சம் கம்மியா இருக்கு.”

“எந்த பேஸ்காரன்டா இதுவரைக்கும் போதும்னு சொல்லியிருக்கான்?”

அதற்குமேல் நான் வாய் திறக்கவில்லை. எங்கள் குழுவில் ஒரு சட்டம் உண்டு. நிகழ்ச்சி முடிந்து வேனில் ஏறினால், யார் எப்படி வாசித்தான் என்று யாரும் பேசக் கூடாது. சிப்ஸ், கால்பந்து, மழை, அவ்வளவுதான். அத்தனை வருஷம் ஒருவர் மண்டையை ஒருவர் உடைக்காமல் இருந்ததற்கு அந்தச் சட்டம்தான் காரணம். குழு கலைந்த பிறகும் அது நாக்கில் ஒட்டிக்கொண்டு போக மாட்டேன் என்கிறது. அவன் மனைவி கிளெனிஸும் அந்த வேனில் வந்தவள்தானே. மேலே பாட்டு ஓடினால் சமையலறையில் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவாள்.

சட்டம் தெரியாதவள் ஒருத்தி வந்தாள். எங்கள் டிரம்ஸ்காரன் எர்னியின் மகள் லொரைன். எர்னி இறந்துபோய் நாலைந்து வருஷமாகிறது. அவள் பர்மிங்காமில் ஒரு நாடக அரங்கத்தில் ஒலி வேலை பார்க்கிறாள். தேநீருக்கு வந்தவளை வெர்னன் பெருமையாக மாடிக்கு அழைத்துப்போனான். நானும் கிளெனிஸும் பின்னால் போனோம். பாட்டு பாதி ஓடுவதற்குள் லொரைன் கையைத் தூக்கினாள்.

“அங்கிள், கொஞ்சம் நிறுத்துங்க. இந்தக் கீச்சுச் சத்தம் என்ன?”

“எந்தக் கீச்சு?”

நிறுத்தினான். அறை அமைதியானது. கீச்.

நானும் லொரைனும் கிளெனிஸும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தோம். புகை வந்தால் கத்தும் அலாரம் அங்கே இருந்தது. பேட்டரி தீர்ந்துபோய், மாற்று மாற்று என்று கெஞ்சிக்கொண்டிருந்தது. வெர்னன் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

“என்ன? அங்க என்ன இருக்கு?”

மறுபடி கீச். மறுபடி எங்கள் மூன்று தலைகளும் தானாக மேலே போயின. அவன் தலை மட்டும் அசையவில்லை. அவனுக்குப் புரிந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்க்கவே எனக்குப் பொறுக்கவில்லை.

“எத்தனை நாளா கத்துது?” என்றான்.

“பாட்டு எல்லாத்துலயும் இருக்கு அங்கிள்” என்றாள் லொரைன் மெதுவாக. “உங்க காதுல இந்தக் கீச்சு மாதிரி உச்சத்துல வர்ற சத்தம் விழறதில்ல. விழலைன்னு நீங்க ஏத்திக்கிட்டே போயிருக்கீங்க. எங்களுக்கு அது ஊசி குத்தற மாதிரி இருக்கு.”

“உங்கப்பன்தான் காரணம். என் இடது காதுகிட்ட உக்காந்து பித்தளைத் தட்டை அடிச்சே தீர்த்தான்.” சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. கிளெனிஸ் பக்கம் திரும்பினான். “உனக்குத் தெரியுமா?”

“அலாரம் தெரியாது. இந்த ரூமுக்கு நான் எங்க வரேன்?”

“என் காது?”

“அடுப்பு மணி அடிச்சா நீ எந்திரிச்சே ரொம்ப நாளாச்சு வெர்ன்.”

“நாய்கூட வெளிய ஓடிச்சு. ஒருத்தரும் சொல்லல.” குரலில் கோபம் இல்லை. ஒரு நாள் முழுக்க பஸ் ஓட்டிவிட்டு வந்தவன் மாதிரி ஸ்டூலில் உட்கார்ந்தான். “தூக்கிப் போட்டுடலாம். எனக்கு முடியல.”

தூக்கிப் போட லொரைன் விடவில்லை. கீச்சைப் பெரும்பாலும் பொறுக்கி எடுத்துவிடலாம், எடுக்க முடியாத பாட்டை மறுபடி பாடுங்கள், மிக்ஸிங்கை என்னிடம் விடுங்கள் என்றாள். என் கையால் ஆகாவிட்டால் அது எதற்கு என்று அவன் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. பிறகு அவனே ஏணி போட்டு ஏறி பேட்டரியை மாற்றினான். கடைசிப் பாட்டை மறுபடி பாடினான்.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை மதியம், லொரைன் சரிசெய்த ஆல்பத்தை அதே அறையில் நால்வரும் உட்கார்ந்து கேட்டோம். எனக்கு ஒரு வார்த்தைதான் தோன்றியது: அழகு. பேஸ்கூடப் போதுமான அளவு இருந்தது, அப்புறம் என்ன வேண்டும்? வெர்னன் மட்டும் முன்னால் குனிந்து, கண்ணை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“என்ன அங்கிள்?”

“கம்பளிக்குள்ள தலைய விட்டுட்டு யாரோ பாடற மாதிரி இருக்கு” என்றான். “எனக்கு இது நல்லாவே இல்லம்மா.”

லொரைன் உதட்டைக் கடித்துக்கொண்டாள். வேண்டாம் என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆல்பம் அதோடு முடிந்தது. அவன் என்னைப் பார்த்தான்.

“நீ சொல்லு நார்ம். வேன்ல பேசற மாதிரி பேசாத.”

“நீ பாடினதுலயே இதுதான்டா நல்லா இருக்கு. அந்தப் பழைய பாட்டெல்லாம் இதுகிட்ட நிக்காது.”

“நெஜமா?”

“நெஜமாடா.”

கடைசிப் பாட்டு வந்தது. பிள்ளைகள் எல்லாரும் இறங்கிப்போன பிறகு வெறும் பஸ்ஸைத் திருப்பிக் கொண்டுபோய் விடும் ஓட்டுநரைப் பற்றியது. ஒரு கிட்டார், அவன் குரல், அவ்வளவுதான். முடிகிற இடத்தில் கிளெனிஸ் இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரன் நுனியை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சமையல் நடுவில் எழுந்து வந்தவள், அதைக் கழற்றக்கூட இல்லை.

“என்னாச்சு?” என்றான் வெர்னன்.

“கடைசி வரிக்கு முன்னாடி நீ மூச்சு இழுக்கற பாரு, அதான். பாட முடியாம நின்னுட்டு, அப்புறம் இழுக்கற.”

அவன் லொரைனைப் பார்த்தான். “மூச்சா? அது கேக்குதா?”

“கேக்குது அங்கிள். எடுத்துடலாம்னு பாத்தேன். மனசு வரல, விட்டுட்டேன்.”

“திரும்பப் போடு.”

போட்டாள். இந்தத் தடவை அவன் ஸ்பீக்கர் பக்கமே திரும்பவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, கிளெனிஸின் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்தான். பாட்டு நகர்ந்தது. அவள் முகம் மாறியது.

“இப்பவா?” என்றான்.

“இப்பதான்” என்றாள்.

“சரி. இதையே கொடுத்துடுங்க.”