அடுப்படிச் சுவரில் மொசைக்

மொசைக் என்று நான் சொன்னதும் அத்தையும் கணவரும் குனிந்து தரையைப் பார்த்தார்கள்.

எங்கள் வீட்டுத் தரை மொசைக்தான். வெள்ளை சிமென்ட்டில் கறுப்பும் சிவப்புமாய்க் கல் சில்லு கலந்து கொட்டி, மெஷின் வைத்துத் தேய்த்துப் பாலிஷ் போட்ட பழைய தரை. தஞ்சாவூரில் எங்கள் தெரு முழுக்க அதுதான்.

"நானே இதப் பேத்துட்டு டைல்ஸ் போடணும்னு நெனச்சிக்கிட்டிருக்கேன். நீ இதச் செவுத்துல வேற ஏத்தணுங்கிற" என்றார் என் மாமியார். அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

"இது இல்ல அத்தை. கண்ணாடியில சின்னச் சின்னச் சதுரமா வரும்." போனில் படத்தைக் காட்டினேன்.

"அடுப்புக்குப் பின்னாடியா? இத்தன ஜாயின்ட்டா? தாளிக்கிற எண்ணெ பூராவும் அதுக்குள்ளதானே போயி ஒக்காரும். யாரு தொடைக்கிறது?"

"நான்தான்" என்றேன். சொன்ன உடனேயே, முடியுமா என்று பயமாக இருந்தது.

அத்தனை பேச்சும் ஒரே ஒரு சுவரைப் பற்றி. சமையல் மேடைக்கும் மேல் அலமாரிக்கும் நடுவே இரண்டடி உயரம், ஒன்பதடி நீளம். கல்யாணமாகி வந்ததிலிருந்து நான்கு வருடமாக நான் பார்த்துக்கொண்டு நிற்கும் சுவர். மஞ்சள் டிஸ்டெம்பர், அதன்மேல் எண்ணெய்ப் பிசுக்கு, குக்கர் பீய்ச்சியடித்த பருப்பின் தடம். பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தபோது அதைக் காலையும் மாலையும் மட்டும் பார்த்தேன். மகள் பிறந்து வேலையை விட்ட பிறகு நாள் முழுக்கப் பார்க்கிறேன். இந்த வீட்டில் திரைச்சீலை முதல் மகளின் பெயர் வரை யார் எதைக் கேட்டாலும் "உங்க இஷ்டம்" என்றே சொல்லி வந்திருக்கிறேன். வளர்ந்த விதம் அப்படி. இந்தச் சுவருக்கு மட்டும் அந்தப் பதிலைச் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

மகளையும் தூக்கிக்கொண்டு எல்லோருமாக டைல்ஸ் கடைக்குப் போனோம். கடைக்காரர் நேராக ஒரு சுவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். ஆவி பறக்கும் காபிக் கோப்பைகள், வெட்டிய ஆரஞ்சு, திராட்சைக் கொத்து, தண்ணீர் தெறிக்கும் ஸ்ட்ராபெர்ரி. "கிச்சனுக்கு எல்லாரும் இதத்தான் எடுக்கறாங்க" என்றார். அத்தைக்குக் காபிக் கோப்பை பிடித்துவிட்டது. "பாக்க லட்சணமா இருக்கு. ஒரு தொட தொடைச்சாப் போச்சு."

"மொசைக் ஷீட் இருக்குங்களா?" என்றேன்.

"இருக்குங்க. ஆனா அது நீச்சல்குளத்துக்கு எடுத்துட்டுப் போவாங்க. லாட்ஜ்காரங்க."

"நீச்சக்கொளத்துல நின்னுக்கிட்டா சாம்பார் வைக்கப்போற?" என்றார் அத்தை. கடைக்காரர் சிரித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

உள்ளேயிருந்து ஒரு ஷீட்டை எடுத்து வந்தார். ஓரடிச் சதுர வலைமேல் ஒட்டிய, விரல்நுனி அளவுக் கண்ணாடித் துண்டுகள். கருநீலம், நடுநடுவே வெளிர்நீலம், எங்கோ ஒன்று வெள்ளை. தூக்கியதும் துணியைப் போல மடங்கியது. மகள் எட்டி ஒவ்வொரு சதுரமாகத் தொட்டாள்.

"இதுதான்" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. கணவர் அத்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கடைக்காரரிடம், "சரி, போடுங்க" என்றார்.

டைல்ஸ் ஒட்டும் கொத்தனார் பாபநாசம் பக்கத்துக்காரர். வருவதாகச் சொன்ன நாளில் போன்தான் வந்தது. "ஆத்துல தண்ணி வந்துடுச்சு தங்கச்சி. நம்ம நடவ முடிச்சிட்டு வந்துடறேன். பத்தே நாளு."

யோசிக்கப் பத்து நாள் கிடைத்தால் நான் தாங்கமாட்டேன். அடுப்புச் சூட்டில் கண்ணாடி வெடிக்குமா என்று தேடிப் படித்தேன். பெயர்ந்து விழுந்த துண்டை மகள் வாயில் போட்டுக்கொள்வதாக நினைத்து நினைத்துப் பயந்தேன். கடையில் கொடுத்த மாதிரித் துண்டின் இடைவெளிகளில் வெள்ளை ஃபில்லரைக் குழைத்துப் பூசிக் காயவைத்து, மேலே மஞ்சள்தூளும் எண்ணெயும் தடவி ஒரு நாள் வைத்தேன். எவ்வளவு தேய்த்தும் கோடெல்லாம் மஞ்சள். மறுபடி கடைக்குப் போய்க் கருஞ்சாம்பல் ஃபில்லரும் இன்னொரு மாதிரித் துண்டும் வாங்கிவந்து பூசி, இந்த முறை மீன் குழம்பை ஊற்றினேன். கழுவியதும் போய்விட்டது.

அத்தை தேங்காய் துருவிக்கொண்டே இதையெல்லாம் பார்த்தார். அவர் பேராவூரணிப் பெண். தேங்காய் இல்லாத குழம்பு அவருக்குக் குழம்பே இல்லை. "மீன் கொழம்ப சோத்துல ஊத்துவாங்க. டைல்ஸ்ல ஊத்தி இப்பத்தான் பாக்கறேன்."

ஏழாம் நாள் தைரியம் போய், கடைக்குப் போன் செய்து மாற்றிக்கொள்ளலாமா என்றே கேட்டுவிட்டேன். பெட்டியைப் பிரிக்காமல் கொண்டுவந்தால் மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். "நாளைக்குச் சொல்றேங்க" என்று வைத்தேன்.

அன்று சாயங்காலம் கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது, அத்தை தன் தங்கையிடம் போனில் பேசியது ஜன்னல் வழியாகக் கேட்டது. "அதெல்லாம் மாத்திக்குவா. நல்ல புள்ள. சொன்னா கேட்டுக்கும்."

அதில் கெட்ட வார்த்தை ஒன்றுமில்லை, பாராட்டுத்தான். பள்ளிக்கூடத்தில், பெண் பார்க்க வந்தபோது, பிரசவ வார்டில் என்று எல்லா இடத்திலும் நான் கேட்டு மகிழ்ந்த அதே பாராட்டு. அன்றைக்கு மட்டும் சுள்ளென்று ஏறியது. துணியை நாற்காலியில் போட்டுவிட்டு உள்ளே போய், நான்கு பெட்டிகளையும் கத்தியால் கீறிப் பிரித்து வைத்தேன். இனி மாற்ற முடியாது.

நடவு முடிந்து கொத்தனார் வந்தார். வேகமான கை. பசையைத் தடவுவதும் ஷீட்டை அழுத்துவதுமாகப் போய்க்கொண்டே இருந்தார். மகளுக்குச் சோறு ஊட்டிவிட்டு வந்து பார்த்தேன். பாதிச் சுவர் முடிந்திருந்தது. நீலமாகத் தெரியவில்லை, கட்டம் கட்டமாகத் தெரிந்தது. சதுரங்களுக்கு நடுவே இருந்த இடைவெளியைவிட, ஷீட்டுக்கும் ஷீட்டுக்கும் நடுவே அதிகமாக விட்டிருந்தார். ஒவ்வோர் அடிக்கும் ஒரு கோடு, கிராஃப் நோட்டைப் போல.

"அண்ணே, நடுவுல கோடு தெரியுதே."

"ஃபில்லர் போட்டா மறைஞ்சிடும் தங்கச்சி."

மறையாது. இன்னும் பளிச்சென்று தெரியும். அந்தப் பத்து நாளில் நான் படித்துத் தொலைத்தவற்றில் அதுவும் ஒன்று. ஆனால் இத்தனை வருடம் இதே வேலை பார்ப்பவரிடம் எப்படிச் சொல்வது? பசை இறுக அரை மணி நேரம்தான். கூடத்துக்குப் போனேன், திரும்பி வந்தேன், அவருக்கு மோர் கொடுத்தேன், மறுபடி கூடத்துக்குப் போனேன். கணவரிடம் சொன்னேன்.

"விடேன். அடுப்புக்குப் பின்னாடி இருக்கறத யாரு பாக்கப்போறா?"

"நான் பாப்பேன்" என்றேன். "மூணு வேளையும் நான்தான் பாப்பேன்."

அடுப்படிக்குப் போய்ச் சொன்னேன். "அண்ணே, பேத்துடுங்க."

அவர் கரண்டி நின்றது. "பாதிச் செவுரு ஒட்டியாச்சு தங்கச்சி."

"பாதிதானே அண்ணே ஆச்சு."

"பசையெல்லாம் வீணாப் போவும். எல்லாத்தையும் கழுவணும். ஒண்ணு ரெண்டு உதுரும்."

"நான் கழுவறேன்."

"நல்லாத்தானே ஒட்டியிருக்காரு" என்று பின்னாலிருந்து அத்தையின் குரல். நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால், "உங்க இஷ்டம்" என்று வாயில் வந்திருக்கும். முதல் ஷீட்டின் மூலையை நகத்தால் நெம்பி நானே இழுத்தேன். ஈரப் பசையோடு உரிந்து வந்து கையில் தொங்கியது. இரண்டாவதையும் இழுத்தேன். மூன்றாவதைக் கொத்தனார் உரித்தார்.

கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழுவினேன். உதிர்ந்த சதுரங்களை மகளின் கைக்கு எட்டாமல் ஒரு கிண்ணத்தில் போட்டுவைத்தேன். அவளுடைய பிஸ்கட் பெட்டியின் அட்டையைக் கிழித்து, சதுரங்களின் இடைவெளிக்குச் சரியாக வரும்வரை மடித்துப் பார்த்து, துண்டு துண்டாக வெட்டிக் கொத்தனாரிடம் கொடுத்தேன். ஷீட்டுகளுக்கு நடுவே அதை வைத்து ஒட்டச் சொன்னேன்.

வாங்கித் திருப்பிப் பார்த்தார். "தங்கச்சி டீச்சரா?"

"ஆமாண்ணே."

"அதான பாத்தேன்."

மறுநாள் மதியம்தான் முடிந்தது. இப்போது வாசலில் நின்று பார்த்தால் ஒரு ஷீட் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. கீழ்வரிசையில் தண்ணீர்க் குழாய் ஓரமாக ஒரே ஒரு சதுரம் சாய்ந்திருக்கிறது. உதிர்ந்ததை எடுத்து நான் ஒட்டியது. அதைப் பேர்க்கச் சொல்லவில்லை.

ஜாயின்ட்டைப் பற்றி அத்தை சொன்னது முழுக்க உண்மை. கறை படியவில்லை, ஆனால் பிசுக்கு உட்காருகிறது. சனிக்கிழமைதோறும் சோப்புத் தண்ணீரும் பழைய டூத்பிரஷ்ஷுமாக நின்று தேய்க்கிறேன். முதல் சில வாரம், அத்தை கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்துத் தேய்த்துவிட்டு, பிரஷ்ஷை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். போன சனிக்கிழமை அவர் சீக்கிரம் திரும்பிவிட்டார். ஈரக் கையும் பிரஷ்ஷுமாக அகப்பட்டுக்கொண்டேன்.

"கஷ்டமா இருக்கா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "கஷ்டமாத்தான் இருக்கு அத்தை."

"அன்னைக்கே சொன்னேன். அந்தக் காபி கப்பு போட்டத எடுத்திருந்தா இந்த வேலையே இல்ல."

"ஆமா அத்தை. ஆனா எனக்கு இதுதான் வேணும்."

அவர் தேங்காய் உடைக்கப் போனார். நான் மீதி இரண்டு வரிசையையும் தேய்த்து முடித்தேன். பிரஷ்ஷை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைக்கவில்லை. பாத்திரம் தேய்க்கும் சோப்புக்குப் பக்கத்தில், எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் வைத்தேன்.