உளியாருக்கும் ஒளியாருக்கும் நடுவே

சட்டைத் தொழிற்சாலையில் காஜா போடும் இயந்திரத்தின் முன் பதினாறு வருஷம் குனிந்தே உட்கார்ந்ததில் அவளுக்கு முதுகு வளைந்துவிட்டது. எல்லாருக்கும் அவள் கூனியக்கா.

குடும்பப் பெயர் உளியார். கொள்ளுத்தாத்தா கல் கொத்தியவர். கையிலிருந்த உளி பெயரில் ஒட்டிக்கொண்டது. அவளைப் பள்ளியில் சேர்த்த அப்பா எழுத்துக்கூட்டிச் சொன்னார். தம்பியைச் சேர்த்தது அம்மா. அம்மாவின் வாய்ப்பேச்சில் உளி எப்போதும் ஒளிதானே! காதில் விழுந்தபடியே 'ஒளியார்' என்று எழுதிவிட்டார்கள். "வெளிச்சமெல்லாம் எனக்கு, உனக்கு வெறும் இரும்பு" என்று கேலி செய்வான் தம்பி.

பெயின்டர் அவன். கல்யாணம் ஆகவில்லை, அக்காவை விட்டால் நாதியில்லை. ஒருநாள் நாலாவது மாடிச் சாரத்திலிருந்து தலைகுப்புற விழுந்து, அங்கேயே போய்ச் சேர்ந்தான்.

பிணவறைக் குமாஸ்தா இருவரின் அடையாள அட்டைகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்.

"அக்காங்கிறீங்க. பேரு வேறயா இருக்கே?"

"ஒரே பேருதாங்க. எழுதினவங்க மாத்திட்டாங்க."

"போன மாசம் ஒருத்தர் இப்படிச் சொல்லித்தான் வேற யாரோட உடம்பையோ வாங்கிட்டுப் போயிட்டாரு. பள்ளிக்கூடப் பதிவு கொண்டாங்கம்மா. ஒரு வாரம்தான் வைப்போம்."

"அவன் முகத்தைப் பாருங்க, என் முகத்தைப் பாருங்க!"

குமாஸ்தா தலை குனிந்துகொண்டார். அந்த முகத்தில் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை என்பது அவருக்குத் தெரியும். அவளுக்கு இன்னும் தெரியாது.

பள்ளியை மூடி வருஷங்களாகியிருந்தன. பதிவேடுகள் கல்வி அலுவலக மாடியில் மூட்டையாகக் கிடந்தன. தேடித்தர ஆளில்லை. அவளே தூசியில் உட்கார்ந்து புரட்டினாள். ஒரே அப்பா, ஒரே வீட்டு எண் கொண்ட இரண்டு பக்கங்கள் ஆறாம் நாள் கிடைத்தன. முத்திரை வாங்க இன்னொரு நாள். எட்டாம் நாள் காலையில் மூச்சிரைக்க ஓடினாள்.

இந்த முறை குமாஸ்தா எழுந்து நின்றார். "நேத்து சாயங்காலம் அடக்கம் பண்ணிட்டாங்கம்மா."

இறப்புச் சான்றிதழில் 'உறவினர்: இல்லை' என்றிருந்தது. அதைப் படித்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. மனு மேல் மனு போட்டாள்.

"செத்தவருக்கு இனிமே யாரு இருந்தா என்னம்மா?" என்றார் அதிகாரி.

"அவனுக்கு இல்லைங்க. எனக்கு வேணும்."

ஒன்பது மாதம் கழித்து 'அக்கா' என்று திருத்தித் தந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு இடுகாட்டுக்குப் போனாள். காவலாளி நீண்ட மண்மேட்டைக் காட்டினார்.

"அன்னிக்குப் பதினோரு பேரு. இதுல எங்கயோதாம்மா."

அவள் மேட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மெதுவாக நடந்தாள். அதற்குள் இரண்டாம் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.